பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போன டைபீரியஸ் வெள்ளிக்காசு: போலியா, அசலா?

1 | மொசெல்கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில ட்ரியர் நகரத்தில இருக்கிறன். 1993ல இங்க வாகனத் தரிப்பிடம் கட்டக் கிண்டின இடத்தில 2,500க்கு மேல ரோமத் தங்கக்காசு வந்தது, மொத்தம் 18.5 கிலோ. அதை மியூசியத்தில பாத்த நாளில இருந்துதான் எனக்கு இந்தப் பித்துப் பிடிச்சது.

போன மாசம் ஒரு நாணயச் சந்தையில ரோம மன்னன் டைபீரியஸின்ர டெனாரியஸ் எண்ட வெள்ளிக்காசு ஒண்டு 210 யூரோவுக்கு வாங்கினனான். ஒரு பக்கம் அவற்ற தலை, வலப்பக்கம் பாத்தபடி. மற்றப் பக்கம் நாற்காலியில ஒரு பெண் இருக்கிறா, ஒரு கையில செங்கோல், மற்றக் கையில கிளை. தலைப்பக்கம் நல்லா நடுவில விழுந்திருக்குது. பெண் இருக்கிற பக்கம்தான் பிரச்சினை. அதில 'பொன்டிஃப் மேக்ஸிம்', அதாவது தலைமைப் பூசாரி எண்ட பட்டம் இருக்க வேணும். இடப்பக்கம் 'பொன்டிஃப்' எண்டு முழுசா வாசிக்கலாம், அதுக்கும் அங்கால புள்ளி வரிசை, அதுக்கும் அங்கால வெறும் பிறை மாதிரி இடம். வலப்பக்கம் 'மேக்ஸிம்' எண்ட எழுத்தைக் காணேல்லை, விளிம்புக்கு வெளியில போயிட்டுது. தலைப்பக்கம் மன்னன்ர கன்னத்தில சின்னப் பிறை வடிவில ஒரு குழி வேற.

என்ர சிநேகிதன் பாத்திட்டு, 'உலகத்தை ஆண்ட அரசு இப்பிடிக் கோணலா அடிச்சிருக்குமோ? உன்னை ஏமாத்திப் போட்டினம்' எண்டு சொல்லிப்போட்டான். ரெண்டு நாளா நித்திரை இல்லை. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

2 | பட்டறைக்காரன்

தம்பி, கோணல் இருந்தா போலின்னு யாரும் முடிவு கட்ட முடியாதுங்க. நான் கோயமுத்தூர்ல நாப்பது வருசமா நகைப் பட்டறையில உட்கார்ந்தவன். அச்சு அடிக்கிறது என்னன்னு கைக்குத் தெரியும். அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

ரோமக்காசுக்கு ரெண்டு அச்சு. ஒண்ணு பட்டடைங்கற அடிகட்டையில இறுக்கமாப் பதிச்சிருக்கும், அது நகராது. மன்னன் தலை பெரும்பாலும் அதுலதான் வெட்டியிருக்கும். இன்னொண்ணு உளி மாதிரி தனிக்கட்டை, அதோட அடியில பின்பக்கத்து உருவம். ஒருத்தன் காய்ச்சி இளக்கின வெள்ளி வில்லையைக் குறட்டுல எடுத்துக் கீழச்சு மேல வெப்பான். மேலச்சை அது மேல நிறுத்திப் பிடிக்கணும். இன்னொருத்தன் சம்மட்டியால அடிப்பான். அடி விழுறதுக்கு முன்னால பிடிச்ச கை ஒரு மயிரிழை நகர்ந்தாக்கூட பின்பக்கத்து உருவம் முழுக்க ஒரு பக்கமா ஒதுங்கிரும். உங்க காசுல தலை நடுவுலயும் பொம்பளை ஒதுங்கியும் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அது அப்படியே இந்த வேலையோட தடம். வில்லை சரியா உட்கார்ந்துச்சு, மேலச்சு நகர்ந்திருச்சு.

இது ஊகம் இல்லைங்க. ட்ராஜன் மன்னன் காலத்துல, கி.பி. 115ல, ரோம் அக்கசாலைக்காரங்க, அதாவது காசு அடிக்கிற சாலையோட ஆளுங்க, கல்வெட்டு வெட்டி வெச்சிருக்காங்க. அதுல முத்திரை வேலைக்காரன், வில்லை வெக்கிறவன், சம்மட்டிக்காரன்னு தனித்தனிப் பேரு வருது. அடிமைகளும் விடுதலை வாங்கின அடிமைகளும்தான் எல்லாரும். உங்க காசு அதுக்கு எண்பது தொண்ணூறு வருசம் முந்தினது, ரோமுல இல்லாம லுக்டூனம் அக்கசாலையில (இப்போ பிரான்சுல லியோன்) அடிச்சதா இருக்கும். ஆனா வேலை இதே வேலைதான்.

பட்டறைச் சாமானையே காசுல போட்டவங்களும் உண்டு. கி.மு. 46ல கரிசியஸ்னு ஒரு அக்கசாலை அதிகாரி அடிச்ச டெனாரியஸ்ல முன்பக்கம் ஜூனோ மொனேட்டா தெய்வத்தோட தலை, பின்பக்கம் குறடு, சம்மட்டி, அச்சு. அந்தப் படத்தை முதல்முதலாப் பார்த்தப்ப எங்கப்பா உட்கார்ந்த இடத்தைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. ரோமோட பழைய அக்கசாலை அந்த மொனேட்டா கோயிலை ஒட்டித்தான் இருந்துச்சு. இங்கிலீசுல பணத்துக்குச் சொல்ற 'மணி'ங்கற வார்த்தையே அவ பேருல இருந்து வந்தது.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு எடுத்துக்குங்க. காசைப் பக்கவாட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு எழுத்தோட அடியைப் பாருங்க. அடிச்ச காசுன்னா எழுத்துல இருந்து விளிம்புப் பக்கமா மெல்லிசாக் கோடு ஓடும். அடி வாங்கின வெள்ளி வெளிப்பக்கமா ஓடின தடம் அது. விளிம்புல ஒண்ணு ரெண்டு இடத்துல வெடிப்பு இருந்தாலும் பயப்படாதீங்க, நல்ல அடையாளந்தான். வார்ப்புப் போலின்னா இந்த ஓட்டம் இருக்காது. எழுத்தோட முனை சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும், குண்டூசி முனை அளவுக்குக் குமிழிக் குழி தெரியும், விளிம்பைச் சுத்திலும் ரெண்டு பாதி சேர்ந்த கோட்டை அரம் போட்டு மறைச்ச தடம் இருக்கும்.

பாத்துட்டு எழுதுங்க.

3 | அமராவதி

கன்னத்தில் உள்ள பிறை வடிவக் குழியைப் பற்றிச் சொல்கிறேன். அது காசு மாற்றுகிறவர்கள் போட்ட சோதனை முத்திரையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. செம்பை உள்ளே வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசு அந்தக் காலத்திலேயே புழங்கியது. கையில் வாங்குகிறவன் சந்தேகப்பட்டுச் சிறிய உளியால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பான். உள்ளே சிவப்புத் தெரிந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். உங்கள் குழியின் அடி வெள்ளையாக இருக்கிறதா, சிவப்பா?

உங்களிடம் இருப்பது நம் பக்கத்துக்கு ரொம்பவும் உறவுள்ள காசு. தென்னிந்தியப் புதையல்களில் வரும் ரோம வெள்ளிக்காசுகளில் இரண்டு வகைதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் காயஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்பது. மற்றது உங்களுடையது. கி.பி. 64ல் நீரோ காசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தான். அதுவரை ஒரு ரோமப் பவுண்டு வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்தவர்கள், பிறகு 96 அடித்தார்கள். இந்தப் பக்கத்து வணிகர்களுக்குக் காசு என்றால் வெள்ளி, அவ்வளவுதான். மன்னன் முகத்துக்கு அவர்கள் விலை கொடுக்கவில்லை. பழைய காசு இங்கே இவ்வளவு கிடைப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

4 | புதுவரவு77

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கி.பி. 200ஐ ஒட்டி ஆண்ட ரோம மன்னன் செப்டிமியஸ் செவரஸின் டெனாரியஸ் ஒன்று இருக்கிறது. பார்க்க வெள்ளி. ஆனால் விளிம்பில் தேய்ந்த இடம் செம்பு நிறமாக இருக்கிறது. இதுவும் அமராவதி ஐயா சொன்ன கள்ளக்காசா?

5 | பட்டறைக்காரன்

படம் பார்க்காம முடிவாச் சொல்ல மாட்டேன். ஆனா செவரஸ் காலத்துல அரசாங்கமே ஏறக்குறைய பாதி வெள்ளி, பாதி செம்பு கலந்துதான் அடிச்சுது. கள்ளக்காசா இருக்கணும்னு அவசியம் இல்லை.

அப்புறம் எப்படி வெள்ளையாத் தெரியுதுன்னு கேட்பீங்க. எங்க பட்டறையில தினம் நடக்கிறதுதாங்க. செம்பு கலந்த வெள்ளியை நெருப்புல காய்ச்சினா மேல கறுத்துரும். அந்தக் கறுப்பு செம்போட துரு. அதைப் புளித்தண்ணியிலோ ஆசிட் தண்ணியிலோ போட்டா கறுப்பு மட்டும் கரைஞ்சு போயிரும், வெள்ளி நிக்கும். ரெண்டு மூணு தடவை இப்படிக் காய்ச்சிப் போட்டு எடுத்தா மேல்தோல்ல செம்பே இருக்காது, பொரபொரன்னு வெள்ளை வெளேர்னு வந்துரும். அந்த வில்லையை அச்சுல வெச்சு அடிச்சா மேல்தோல் அமுங்கிப் பளபளக்கும். ரோமாபுரிக்காரன் செஞ்சதும் இதே வித்தைதான். நாலு கை மாறி மேல்தோல் தேஞ்சதும் உள்ள இருக்கிற செம்பு தலை காட்டும்.

அதுக்கப்புறம் நிலைமை இன்னும் மோசமாச்சு. 215ல செவரஸ் மகன் கரகல்லா ஒரு புதுக்காசு விட்டான், தலையில சூரியக்கதிர் மகுடம் வெச்சது. ரெண்டு டெனாரியஸ் மதிப்புன்னு சொல்றாங்க, உள்ள இருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான். அம்பது வருசம் போய் கேலியனஸ் ஆட்சி முடியுறப்ப அதே காசுல வெள்ளி நூத்துக்கு அஞ்சு பங்குகூட இல்லை. மேல பூச்சு மட்டும். அந்தக் காலத்துக் காசை வரிசையா மேசையில வெச்சுப் பார்த்தா, ஒரு அரசாங்கம் இளைச்சுக்கிட்டே போறது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கும். அடிச்ச அந்த வேலைக்காரங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு நல்லாத் தெரியும்ல?

6 | புதுவரவு77

நன்றி ஐயா. அப்போ என் செம்புக்காசுகளைப் புளி போட்டுத் துலக்கலாமா?

7 | பட்டறைக்காரன்

வேண்டாங்க! தயவுசெஞ்சு வேண்டாம். நான் சொன்னது அடிக்கிறதுக்கு முந்தின புது வில்லைக்கு. பழைய காசுல எழுத்தும் உருவமும் அந்தக் களிம்புத் தோல்லதான் நிக்குது.

8 | அமராவதி

பட்டறைக்காரர் சொல்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரூரில் ஒரு வீட்டில், ஆற்று மணலில் பொறுக்கியதாக நாற்பது ஐம்பது சின்னச் செம்புக்காசு வைத்திருந்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமக்காசுகள். நான் பார்க்க வருகிறேன் என்று தெரிந்து, வீட்டுப் பெரியம்மா நல்ல எண்ணத்தில் முந்தின நாளே புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கி வைத்துவிட்டார். தட்டில் கொட்டினார்கள். எல்லாம் ரோஜா நிறத்தில் மின்னின. ஒன்றில்கூட முகம் இல்லை. ஒரே ஒரு காசில் மட்டும் விளிம்போரம் முத்துச்சரம்போல ஒரு வளைவு மிஞ்சியிருந்தது, மன்னன் தலைப்பட்டையின் மிச்சம். அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவிடுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு மூங்கில் குச்சியால், லென்ஸ் வழியாகப் பார்த்தபடி எடுங்கள். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள். உப்பால் செம்பை அரிக்கிற நோய் அது.

9 | எழுத்தாணி

> ஆற்று மணலில் பொறுக்கியதாக

இதைப் பற்றித்தான் பேச வேண்டும். அமராவதி ஆற்றில் சலித்து எடுத்த காசுகளை மூட்டையாக வாங்கி விற்கிறவர்களை எனக்குத் தெரியும். எந்தப் படுகையில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட காசை வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தத் தகவல் அழியத் துணை போகிறோம். காசை மட்டும் காப்பாற்றிவிட்டு அதன் பிறந்தகத்தைத் தொலைப்பது என்ன சேகரிப்பு?

10 | அமராவதி

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். கரூர், மதுரைப் பக்கத்துச் சின்ன ரோமச் செம்புக்காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி சேகரித்து 1994ல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் வாங்கிப் படம் எடுத்துப் பதிப்பித்திராவிட்டால் அவை பாத்திரக்கடை உலைக்குப் போயிருக்கும். 'மாக்கோதை' என்று தமிழ் எழுத்தில் பெயர் வெட்டிய சேரன் வெள்ளிக்காசும் கரூர்ப் பக்கம் கிடைத்ததுதான். அதில் உள்ள தலையைப் பாருங்கள், ரோமக்காசைப் பார்த்த கண்ணால் வெட்டிய தலை அது. அகழாய்வுக் குழிக்குள் கிடைத்தால்தான் பேசுவேன் என்றால் அந்தக் காசைப் பற்றி நாம் வாயே திறக்க முடியாது.

11 | எழுத்தாணி

அவர் பதிப்பித்தார். பதிப்பிக்கிறவருக்கும் பெட்டியில் பூட்டி வைக்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன். கிடைத்த இடத்தை எழுதி வைக்காமல் வாங்காதீர்கள். விற்பவர் சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன், புதியவர்கள் படிப்பார்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், 1972ஆம் ஆண்டுச் சட்டம். மொசெல்கரை, உங்கள் காசை வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா? முன்பு யார் கையில் இருந்தது என்று கேட்டீர்களா?

புதுக்கோட்டைப் புதையலை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. 1898ல் 501 தங்கக்காசு. பெரும்பாலானவற்றில் மன்னன் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு. காசாகச் செல்லாமல் ஆக்கினார்களா, தங்கத்தைச் சோதித்தார்களா, அந்நியன் உருவம் வேண்டாம் என்று வெட்டினார்களா என்று அறிஞர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக வாதாடுகிறார்கள். காசு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது. அந்தக் காசுகள் கிடைத்த மண்ணையும் அதே கவனத்தோடு பார்த்திருந்தால் இந்த வாதத்தில் பாதி தீர்ந்திருக்கும்.

12 | மொசெல்கரை

ரசீது இருக்குது. 1970களில ஒரு ஜெர்மன் பள்ளிக்கூட ஆசிரியர் சேர்த்த தொகுப்பில இருந்து வந்தது எண்டு எழுதித் தந்தவை, அவர் கையால எழுதின சின்ன அட்டையும் கூட வந்தது. நான் அதைப் பெரிசா நினைக்கேல்லை. இனிக் காசோடயே வைப்பன்.

பட்டறை அண்ணை, லென்ஸ் வாங்கிப் பாத்தன். 'பொன்டிஃப்' எழுத்துக்கு அடியில இருந்து விளிம்புக்கு மயிர் மாதிரிக் கோடுகள் ஓடுது! ஒரு இடத்தில விளிம்பு வெடிச்சிருக்குது. கன்னத்துக் குழியின்ர அடி வெள்ளையாத்தான் இருக்குது. சுத்திலும் ஒட்டுக்கோடு ஒண்டும் இல்லை.

13 | பட்டறைக்காரன்

சந்தோசம் தம்பி. இன்னொரு சோதனையும் பண்ணிருங்க, அடர்த்தி. நூறில் ஒரு கிராம் காட்டுற தராசு வேணும். முதல்ல காசை நிறுத்து எழுதுங்க. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணியைத் தராசு மேல வெச்சு பூஜ்யத்துக்குக் கொண்டாங்க. காசை மெல்லிய நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி தொங்கவிடுங்க. அடியிலயோ பக்கத்துலயோ முட்டக்கூடாது, மேல காத்துக்குமிழி ஒட்டக்கூடாது. இப்போ தராசு ஒரு சின்ன எண் காட்டும். முதல் எடையை இந்த எண்ணால வகுத்தா அடர்த்தி வரும். சுத்த வெள்ளி 10.49. டைபீரியஸ் காலத்து வெள்ளி நல்ல தரம், அதுக்குப் பக்கத்துலயே வரணும். உள்ள செம்பு இருந்தா ஒன்பது சொச்சத்துக்கு இறங்கிரும். எண் சின்னதா இருக்கறதால ஒரு தடவையில நம்பாதீங்க, அஞ்சு தடவை எடுங்க.

14 | மொசெல்கரை

செய்தன். காசு 3.68 கிராம். தண்ணிக்குள்ள 0.35, 0.36, 0.35, 0.35, 0.36. சராசரி 0.354. வகுத்தா 10.4 வருது.

என்ர மகள்தான் நூலைப் பிடிச்சவள். பத்து வயசு. கை நடுங்காமப் பிடிக்க வேணும் எண்டு மூச்சையும் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

15 | பட்டறைக்காரன்

வெள்ளிதான். அசல்தான்னு என் மனசு சொல்லுது. நிம்மதியாத் தூங்குங்க.

16 | எழுத்தாணி

மொசெல்கரை, உங்கள் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சாக இருப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த ஆனியஸ் ப்ளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரேபியக் கரையோரம் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவனிடமிருந்த டெனாரியஸ் காசுகளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அரசனை வியக்க வைத்தது ஒரே விஷயம். வேறு வேறு மன்னர் தலைகள் இருந்தும் காசுகளின் எடை ஒன்றாகவே இருந்தது. இவர்கள் நேர்மையானவர்கள் என்று எண்ணி ரோமுக்குத் தூது அனுப்பினான் என்கிறார் பிளினி. கிளாடியஸ் ஆட்சியில், அதாவது நீரோ எடையைக் குறைப்பதற்கு முன்பு.

அந்தக் கைப்பிடிக் காசில் உங்கள் காசின் வகை இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

17 | மொசெல்கரை

இதை மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். 'அப்ப அந்த ராசாவிட்டயும் தராசு இருந்ததோ?' எண்டு கேட்டாள்.

18 | பட்டறைக்காரன்

இருந்திருக்கணும், பாப்பாகிட்ட சொல்லுங்க.

தம்பி, ஒரு கடைசி வேலை. தலைப்பக்கத்தை இன்னொரு தடவை லென்ஸ்ல பாருங்க. பள்ளமா இல்லாம மேடா ஒரு கோடு எங்கயாவது ஓடுதா? அடி தாங்காம அச்சு விரிசல் விட்டா, அந்த விரிசலுக்குள்ள வெள்ளி புகுந்து காசுல மேடான கோடா நிக்கும். கீழச்சு பட்டடைக்குள்ள அணைவா இருக்கறதால சீக்கிரம் சாகாது, விரிசலோடயே இன்னும் கொஞ்ச நாள் அடிப்பாங்க. அடிக்க அடிக்க விரிசல் நீளும். அப்படிக் கோடு இருந்தா, அதே அச்சுல அடிச்ச இன்னொரு காசைத் தேடிப் பிடிக்கலாம். அமெரிக்க நாணயவியல் சங்கம் ரோமப் பேரரசுக் காசுப் பட்டியலை இணையத்துல இலவசமா வெச்சிருக்கு, மியூசியக் காசுகளோட படத்தோட. டைபீரியஸோட இந்த வகைக்குள்ள நாற்காலிக் காலைப் பாருங்க. கடைசல் வேலை செஞ்ச கால்னா 30ஆம் எண்.

19 | மொசெல்கரை

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

கோடு இருக்குது. காதுக்குப் பின்னால துவங்கி, தலைமாலையின்ர கட்டு நாடாவைத் தாண்டி, கழுத்துக்குப் பின்னால இருக்கிற எழுத்து வரைக்கும் போகுது. நகத்தால தொட்டாத் தட்டுப்படுது. கடைசல் கால்தான், அதால 30ஆம் எண் படங்களை ஒவ்வொண்டாப் பாத்தன். இரவில வேலையால வந்து நானும் மகளுமா. நூற்றுக்கணக்கில பாத்திருப்பம். மூக்கு வேற, காது வேற, எழுத்து இடைவெளி வேற.

முந்தாநாள் அவள்தான் கண்டுபிடிச்சவள். ஒரு மியூசியக் காசு. அதே காது, நாடாவில அதே வளைவு, எழுத்துகள் அதே இடத்தில நிக்குது. பின்பக்கம் வேற அச்சு, அங்க பெண் நடுவில நேரா இருக்கிறா, 'மேக்ஸிம்' முழுசா வாசிக்கலாம். தலைப்பக்கத்தில விரிசல் கோடும் இருக்குது. ஆனா அது நாடாவோட நிண்டுபோச்சு, எழுத்து வரைக்கும் வரேல்லை.

அப்ப அண்ணை, என்ர காசுதானே பிறகு அடிச்சது?

20 | பட்டறைக்காரன்

ஆமா தம்பி. அதே பட்டடையில, அந்தக் காசுக்கு அப்புறம்.